தாமத வரிசையில் நிற்கும் மின்னஞ்சல்கள்

மின்னஞ்சல் நொடிப்பொழுதில் சென்று சேரும் சாதனம் என்று பொதுமக்கள் கருதுகின்றனர். பெரும்பாலான வேளைகளில் இக்கருத்து உண்மையே. ஆயினும், மின்னஞ்சலுக்கு அடிப்படையாகவுள்ள விதிகள் எதிலும் ‘உடனே’ என்ற வாக்குறுதி காணப்படவில்லை. ஒரு நிலையம் கடிதத்தைப் பெற்றுக்கொள்கிறது. அதைப் பத்திரமாக வைக்கிறது. வழி கிடைக்கும்போது அடுத்த நிலையத்துக்கு அனுப்புகிறது. இது பழைய தபால் முறையே. ரயில் வரும்வரை பிரிப்பு நிலையத்தில் தபால் மூட்டைகள் காத்திருப்பதைப் போன்று, மின்னஞ்சல்களும் வழியில் காத்திருப்பதுண்டு. அவ்வாறு காத்திருக்கும் கடிதங்களின் தொகுதிக்கே தாமத வரிசை என்று பெயர்.

இவ்வரிசை சிறியதாக இருக்கையில் அதைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. அது பெருகும்போது ஒரு மாணவனின் தேர்வு நுழைவுச் சீட்டு, ஓர் ஒப்பந்தப் புள்ளி, ஒரு நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவை உரிய நேரத்தில் உரியவரை அடையாமற் போகின்றன. ஆகவே, இவ்வரிசை எவ்வாறு தோன்றுகிறது, அதை எவ்வாறு பராமரிக்க வேண்டும் என்பவற்றை அறிந்துகொள்வது அவசியமாகும்.

நம் நாட்டில் தொடக்க நாட்கள்

நம் நாட்டில் மின்னஞ்சல் தொடங்கிய நாட்களில் காத்திருத்தலே வழக்கமான நிலையாக இருந்தது. 1986-ஆம் ஆண்டில் மத்திய அரசின் மின்னணு இலாகா, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ‘எர்னெட்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலைப்பின்னலைத் தொடங்கியது. பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் ஆகியவை இதில் பங்கு கொண்டன. அக்காலத்தில் ஒரு கணினி மற்றொரு கணினியைச் சாதாரணத் தொலைபேசிக் கம்பியின் வாயிலாக அழைத்து, சேர்ந்திருந்த கடிதங்களை ஒருங்கே மாற்றிக்கொள்ளும். இணைப்புக் கிடைக்கும்வரை கடிதங்கள் கணினியின் வட்டிலேயே தங்கியிருந்தன. இன்று கம்பிகள் எப்பொழுதும் இணைந்தே உள்ளன. எனினும் பெற்று வைத்து அனுப்பும் முறை மாறவில்லை.

ஏற்புரையும் பொறுப்பும்

அஞ்சல் நிலையமாகப் பணிபுரியும் கணினியை ‘சர்வர்’ என்று அழைக்கிறோம். ஒரு சர்வர் மற்றொரு சர்வருடன் பேசும் மொழிக்கு எஸ்.எம்.டி.பி. என்பது பெயர். இதன் விதிகளை ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க நிபுணர் 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆர்.எப்.சி. 821 என்ற ஆவணமாக வெளியிட்டார். ஜான் கிளென்சின் பதிப்பித்த ஆர்.எப்.சி. 5321 என்னும் திருத்தம் 2008-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது.

அனுப்பும் சர்வர் முதலில் விலாசத்தின் பிற்பகுதியைக் கொண்டு, அக்கடிதத்தை ஏற்கவேண்டிய நிலையம் எது என்பதைப் பெயர் அட்டவணையில் தேடுகிறது. அட்டவணையில் பல நிலையங்கள் குறிக்கப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. குறைந்த எண்ணுடைய நிலையத்தை முதலில் நாட வேண்டும். அது கிட்டாவிடில் அடுத்ததை நாடலாம். இணைப்புக் கிடைத்தபின், அனுப்புபவர் விலாசம், பெறுபவர் விலாசம், கடிதத்தின் உடல் ஆகியவை முறையே ஒப்படைக்கப்படுகின்றன. இறுதியில் பெறும் சர்வர் 250 என்ற எண்ணைக் கூறுமாயின், கடிதம் ஏற்கப்பட்டது என்பது பொருள்.

இந்த 250 என்ற ஏற்புரை மிகுந்த கனமுடையது. அதைக் கூறிய கணத்திலிருந்து கடிதத்தின் பொறுப்பு முழுவதும் பெற்றுக்கொண்ட சர்வரைச் சார்கிறது. ஒன்று, அது கடிதத்தைப் பட்டுவாடா செய்ய வேண்டும். அல்லது, முடியவில்லை என்ற செய்தியை அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். கணினி பழுதுற்றது, இடம் போதவில்லை என்பன போன்ற காரணங்களால் கடிதத்தை இழந்துவிடக் கூடாது என்று விதி தெளிவாகக் கட்டளையிடுகிறது. எனவேதான் நன்கு அமைந்த சர்வர், கடிதத்தை வட்டில் எழுதி முடித்த பின்னரே 250 என்று கூறும். தாமத வரிசை என்பது, இவ்வாறு பொறுப்பேற்கப்பட்டும் இன்னும் நிறைவேறாத கடமைகளின் கணக்கேடாகும்.

மூவகை மறுமொழிகள்

பெறும் சர்வரின் மறுமொழி எண்ணில் முதல் இலக்கமே முக்கியமானது. 2-இல் தொடங்கும் எண் வெற்றியைக் குறிக்கும். 5-இல் தொடங்குவது நிரந்தர மறுப்பு. எடுத்துக்காட்டாக, அப்பெயருடையார் இங்கு இல்லை என்பதற்கு 550 என்ற எண் வழங்குகிறது. இத்தகைய கடிதத்தை மீண்டும் அனுப்புவதில் பயனில்லை. அனுப்பியவருக்கே அறிவித்துவிட வேண்டும். 4-இல் தொடங்குவது தற்காலிக மறுப்பு. 421 என்பது பணி இப்போது கிடைக்காது எனவும், 452 என்பது இடம் போதவில்லை எனவும் பொருள்படும். இவ்வகைக் கடிதங்களும், இணைப்பே கிடைக்காத கடிதங்களும், பெயர் அட்டவணை விடையளிக்காத கடிதங்களுமே தாமத வரிசையை அடைகின்றன.

தற்காலிக மறுப்பு எப்பொழுதும் பழுதின் விளைவு என்று கருதிவிடலாகாது. அது வேண்டுமென்றே கூறப்படுவதும் உண்டு. குப்பை அஞ்சல் அனுப்புவோர் பெரும்பாலும் ஒரே முறை முயன்றுவிட்டு அகன்றுவிடுவர் என்பதைக் கண்டு, முன்பின் அறியாத சர்வரிடம் ‘சற்று நேரம் கழித்து வருக’ என்று கூறிச் சோதிக்கும் முறை 2003-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மேலும், பெரிய நிலையங்கள் ஒரு சர்வரிடமிருந்து குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கடிதங்கள் வருமாயின் 4-இல் தொடங்கும் விடையைத் தந்து வேகத்தைக் குறைக்குமாறு உணர்த்துகின்றன.

மீண்டும் எப்போது முயல்வது?

வரிசையில் நிற்கும் கடிதத்தை எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை அனுப்பிப் பார்ப்பது என்பது நுட்பமான பிரச்சினை. அடிக்கடி முயன்றால், நலிவுற்றிருக்கும் நிலையம் மேலும் நலியும்; அனுப்பும் சர்வரின் உழைப்பும் வீணாகும். அரிதாக முயன்றால், வழி திறந்த பின்னரும் கடிதம் வீணே காத்துக் கிடக்கும். ஒரே விலாசத்துக்கான முயற்சிகளிடையே குறைந்தது 30 நிமிட இடைவெளி தேவை என்றும், கைவிடுவதற்கு முன் பொதுவாக 4 அல்லது 5 நாட்களாவது முயல வேண்டும் என்றும் ஆர்.எப்.சி. 5321 பரிந்துரைக்கிறது, தோல்வியின் காரணத்தை அறியக்கூடிய சர்வர் இதனினும் நுட்பமான முறையைக் கையாளலாம் என்றும் கூறுகிறது.

நடைமுறையில் வெவ்வேறு நிரல்கள் வெவ்வேறு முறைகளைப் பின்பற்றுகின்றன. அவை யாவற்றுக்கும் பொதுவான தத்துவம் ஒன்றே: கடிதத்தின் வயது ஏற ஏற, இடைவெளியும் நீள வேண்டும். வீட்சே வெனேமா ஐ.பி.எம். ஆராய்ச்சிச் சாலையில் உருவாக்கி 1998-இல் வெளியான ‘போஸ்ட்பிக்ஸ்’ என்னும் நிரலில், கடிதம் எவ்வளவு நேரம் காத்திருந்ததோ ஏறத்தாழ அவ்வளவு நேரம் கழித்து அடுத்த முயற்சி நிகழும். ஆயினும் இடைவெளி 300 நொடிக்குக் குறையாமலும், 4,000 நொடிக்கு, அதாவது 66 நிமிடம் 40 நொடிக்கு, மிகாமலும் இயல்பாக அமைக்கப்பட்டுள்ளது. 5 நாட்கள் கழிந்தபின் கடிதம் திருப்பப்படும். அந்த 5 நாட்களில் ஒரு கடிதத்துக்கு நூறுக்கும் மேற்பட்ட முயற்சிகள் நிகழக்கூடும்.

‘கியூமெயில்’ என்னும் நிரல் வர்க்க எண்களைப் பயன்படுத்துகிறது. வெளியூர்க் கடிதம் அதனிடம் வந்து 400, 1,600, 3,600, 6,400 நொடிகள் கழிந்த வேளைகளில் முயற்சிகள் நிகழும். இவை 20, 40, 60, 80 ஆகியவற்றின் வர்க்கங்கள் என்பதை வாசகர்கள் கவனிக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் இயற்றிய ‘எக்ஸிம்’ நிரலோ, இயல்பான அமைப்பில், முதல் 2 மணி நேரத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், பின்னர் 1 மணியில் தொடங்கி ஒன்றரை மடங்காக வளரும் இடைவெளியில் 16-ஆவது மணிவரையிலும், அதன்பின் 6 மணிக்கு ஒரு முறையாக 4 நாட்கள்வரையிலும் முயல்கிறது.

வரிசையின் கணக்கு

வரிசைகளைப் பற்றிய கணிதம் தொலைபேசித் துறையில் பிறந்தது. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய ஏ.கே. எர்லாங் 1909-ஆம் ஆண்டில் இது பற்றிய தம் முதல் கட்டுரையை வெளியிட்டார். அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி மிகவும் எளியது: நிலையாக இயங்கும் வரிசையில் இருப்போரின் சராசரி எண்ணிக்கை, வருகை வேகத்தையும் சராசரிக் காத்திருப்பு நேரத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம். நிமிடத்துக்கு 60 கடிதங்கள் வந்து, வரிசையில் சராசரி 1,800 கடிதங்கள் நிற்குமாயின், ஒவ்வொன்றும் சராசரி 30 நிமிடம் காத்திருக்கிறது என்பது உடனே விளங்கும்.

தடை நீங்கிய பின்னர் வரிசை கரையும் வேகத்தைக் கணக்கிடுவது இதனினும் பயன் தரும். ஒரு சர்வரிலிருந்து ஒரு பெரிய நிலையத்துக்கு நிமிடத்துக்கு 60 கடிதங்கள் செல்வதாகக் கொள்வோம். அந்நிலையம் 3 மணி நேரம் இயங்காமற் போகிறது. 180 நிமிடங்களில் 10,800 கடிதங்கள் சேர்ந்துவிடுகின்றன. மீண்டும் இயங்கத் தொடங்கியதும் அது நிமிடத்துக்கு 90 கடிதங்களை ஏற்கிறது. புதிதாக வரும் 60 போக, எஞ்சும் 30 மட்டுமே பழைய பாக்கியைக் குறைக்கும். ஆகவே வரிசை தீர 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம் ஆகும். அந்நிலையம் நிமிடத்துக்கு 66 மட்டுமே ஏற்குமாயின், பாக்கி தீர 30 மணி நேரம் வேண்டும். சரியாக 60 ஏற்குமாயின் பாக்கி என்றுமே தீராது. தடை 3 மணி நேரமே நீடித்ததெனினும், அதன் விளைவு மறுநாள் மாலைவரை தொடர்வது எதனால் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. கழிவு வேகத்தில் மிச்சமான சக்தியே ஒரு நிலையத்தின் உண்மையான காப்பு எனலாம்.

2022-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நிகழ்ச்சி

வரிசை பெருகுவதற்கான காரணம் வெளியில் மட்டுமே இருக்கும் என்பதில்லை. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவுடன், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ‘எக்ஸ்சேஞ்ச்’ 2016, 2019 பதிப்புகளைத் தம் சொந்தக் கணினிகளில் நடத்திவந்த பல அலுவலகங்களில் கடிதங்கள் வரிசையிலேயே தேங்கி நின்றன. கம்பிகள் அறுபடவில்லை, பெறும் நிலையங்களும் நலமாகவே இருந்தன. கடிதங்களில் தீய நிரல்கள் உளவா என்று சோதிக்கும் உட்பகுதி இயங்க மறுத்ததே காரணம்.

அச்சோதனைப் பகுதியின் பதிப்பெண், ஆண்டு, மாதம், தேதி ஆகியவற்றைக் கோத்து அமைக்கப்பட்டிருந்தது. 2022 ஜனவரி முதல் தேதிக்குரிய எண் 2201010001. ஆனால் அவ்வெண்ணை வைப்பதற்கு ஒதுக்கப்பட்ட 32 பிட் இடத்தில், குறியுடன் கூடிய முழுஎண்களில் 2147483647 வரையே அடங்கும். 2021-ஆம் ஆண்டின் எண்கள் அனைத்தும் 21 எனத் தொடங்கி அவ்வெல்லைக்குள் அடங்கியிருந்தன. 22 எனத் தொடங்கிய முதல் எண் எல்லையைக் கடந்துவிட்டது. சோதனைப் பகுதி நின்றது. சோதிக்கப்படாத கடிதங்களும் நின்றன. அந்நிறுவனம் வெளியிட்ட பரிகாரம் விந்தையானது. புதிய பதிப்புக்கு 2112330001 என்ற எண் இடப்பட்டது; அதாவது 2021 டிசம்பர் 33-ஆம் தேதி! பழைய சோதனைக் கோப்புகளை அகற்றிப் புதியவற்றை இறக்கிய பின்னரே வரிசைகள் நகரத் தொடங்கின. தேங்கியவை அனைத்தும் சென்று தீர, அவற்றின் அளவுக்கேற்ப மேலும் நேரம் பிடித்தது.

எக்ஸ்சேஞ்ச் சர்வரில் கடிதம் காலாவதியாகும் இயல்பான எல்லை 2 நாட்களே. விடுமுறை நாளில் எவரும் வரிசையைப் பார்வையிடாத அலுவலகங்களுக்கு அது எவ்வளவு குறுகிய கால அவகாசம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வரிசையின் நீளம் ஓர் எல்லையைக் கடந்தவுடன் பொறுப்பாளரைத் தானாகவே எச்சரிக்கும் ஏற்பாடு ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

காரணத்தைக் கண்டறியும் முறை

வரிசை பெருகியுள்ளதைக் கண்ட நிர்வாகி முதலில் மூன்று விஷயங்களை அறிய வேண்டும். கடிதங்கள் எந்த நிலையத்துக்குச் செல்ல வேண்டியவை? எவ்வளவு நேரமாக நிற்கின்றன? மறுத்த நிலையம் கூறிய சொற்கள் யாவை? போஸ்ட்பிக்ஸ் நிரலுடன் வரும் ‘கியூஷேப்’ என்னும் கருவி, செல்லுமிடங்களை வரிகளாகவும், 5, 10, 20, 40 நிமிடங்கள் என இரட்டித்துச் செல்லும் வயதுகளைப் பத்திகளாகவும் அமைத்து அட்டவணை தருகிறது.

அவ்வட்டவணையைப் படிப்பது மருத்துவர் நாடி பார்ப்பதைப் போன்றது. ஒரே இடத்துக்குரிய கடிதங்கள் மட்டும் குவிந்திருந்தால், குறை அவ்விடத்தில் உள்ளது. அல்லது அவ்விடம் நம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எல்லா இடங்களுக்குரியவையும் ஒருங்கே தேங்கினால், நம் சொந்த இணைப்பு, பெயர் அட்டவணைத் தொடர்பு, வட்டின் இடம், கடிதச் சோதனைப் பகுதி ஆகியவற்றை ஆராய வேண்டும். ஒரே பயனாளரின் பெயரில் எண்ணற்ற அன்னிய விலாசங்களுக்குக் கடிதங்கள் குவிந்திருப்பின், அவருடைய கடவுச்சொல் திருடப்பட்டிருக்கக் கூடும். அந்நிலையில் அக்கணக்கை முதலில் முடக்க வேண்டும்; இன்றேல் எவ்வளவு அகற்றினும் வரிசை மீண்டும் நிறையும்.

தகாதனவும் தக்கனவும்

பதற்றத்தில் செய்யப்படும் பிழைகள் பொதுவாக இரண்டு. முதலாவது, வரிசை முழுவதையும் உடனே அனுப்புமாறு திரும்பத் திரும்பக் கட்டளையிடுதல். காரணம் நீங்குவதற்கு முன் இதனால் பயனில்லை. போக முடியாத கடிதங்கள் வழியை அடைத்துக்கொள்ள, போகக் கூடியவையும் தாமதமாகும். காரணம் நீங்கிய பின்னரும், தேங்கியவற்றைச் சிறு சிறு பகுதிகளாக விடுவதே நல்லது. 10,800 கடிதங்களை ஒரே வேளையில் கொட்டினால், பெறும் நிலையம் மீண்டும் 421 என்றே கூறும்.

இரண்டாவது பிழை பெரியது. அது வரிசையை அழித்துவிடுதல். அழிக்கப்பட்ட கடிதத்தைப் பற்றி அனுப்பியவருக்கு எச்செய்தியும் செல்லாது. அவர் கடிதம் சேர்ந்தது என்றே நம்பியிருப்பார். 250 என்று கூறி ஏற்ற பொறுப்பு இதனால் அடியோடு கைவிடப்படுகிறது. ஐயத்துக்குரிய கடிதங்களைத் தனியே நிறுத்திவைக்கும் வசதி போஸ்ட்பிக்ஸ் முதலிய நிரல்களில் உண்டு. அவ்வாறு நிறுத்தி, ஆராய்ந்து, குப்பை என்று உறுதியானவற்றை மட்டுமே நீக்க வேண்டும்.

செய்யத் தக்கவை பின்வருமாறு: மெதுவாக ஏற்கும் நிலையங்களுக்குத் தனி வழி அமைத்து, ஏனைய கடிதங்கள் அவற்றின் பின்னால் நிற்காதவாறு செய்தல், பட்டுவாடா செய்ய இயலாத விலாசங்களை வாயிலிலேயே மறுத்தல், வட்டில் எப்பொழுதும் போதிய இடம் வைத்திருத்தல், நீண்ட பராமரிப்புப் பணிக்குமுன் கடிதங்களின் காலாவதி எல்லையை நீட்டித்தல், தாமத அறிவிப்பு வசதியை இயக்கிவைத்தல். இவற்றுள் கடைசியானது தனிக் கவனத்துக்குரியது. சென்ட்மெயில், எக்ஸ்சேஞ்ச் ஆகியவற்றில் 4 மணி நேரம் கழிந்ததும் அனுப்பியவருக்குச் செய்தி செல்வது வழக்கம். போஸ்ட்பிக்ஸில் நிர்வாகி அதை இயக்கினாலன்றி எச்செய்தியும் செல்லாது. தாமதத்தை அறிந்தவர் தொலைபேசியை நாடலாம், ஆளனுப்பலாம். அறியாதவரால் எதுவும் செய்ய இயலாது.

கடிதம் எழுதுவோர் அறிய வேண்டியவை

தாமதம் எங்கு நேர்ந்தது என்பதைப் பெறுபவரே கண்டுகொள்ள வழியுண்டு. ஒவ்வொரு சர்வரும் கடிதத்தின் தலைப்பகுதியில், தான் அதைப் பெற்ற நேரத்தைத் தபால் முத்திரையைப் போன்று மேலே பதிக்கிறது. எனவே முத்திரைகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடுத்தடுத்த இரு முத்திரைகளில் ஒன்று 10 மணி 5 நிமிடம், அடுத்தது 1 மணி 40 நிமிடம் எனக் காட்டினால், முதல் முத்திரையிட்ட நிலையத்திலேயே கடிதம் மூன்றரை மணிக்கு மேல் நின்றது எனலாம். நேரத்தை அடுத்துக் காணப்படும் +0530 என்ற குறி இந்திய நேரத்தைக் காட்டுவது; பிற நாட்டு நிலையங்களின் நேரத்தை இதற்கேற்ப மாற்றிக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

தாமத அறிவிப்பு வந்தவுடன் அதே கடிதத்தைப் பல முறை அனுப்புவதால் வரிசை நீள்வதன்றி வேறு பயனில்லை. அவ்வறிவிப்பு தோல்விச் செய்தியன்று. சர்வர் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். கெடு தேதியுள்ள விண்ணப்பங்களைக் கடைசி மணியில் அனுப்பாதிருப்பது நலம். 4 அல்லது 5 நாட்கள்வரை காத்திருக்க விதியே இடமளிக்கும்போது, பெறும் அலுவலகங்களும் கடிதம் புறப்பட்ட நேரத்தைத் தலைப்பகுதி முத்திரைகளிலிருந்து கண்டறிந்து முடிவு செய்தல் நியாயமாகும்.

நேற்றைய தபால் மூட்டை ரயிலுக்காகக் காத்திருந்தது. இன்றைய கடிதம் ஒரு மறுமொழி எண்ணுக்காகக் காத்திருக்கிறது. இரண்டிலும் கடிதத்தைப் பாதுகாப்பது, ஏற்ற பொறுப்பை நினைவில் கொண்டு வரிசையை நாள்தோறும் பார்வையிடும் ஊழியரின் கவனமேயாகும்.